அக்குள் அரிப்பும் அந்தச் சின்ன ட்யூப்பும்

தலைப்பைப் பார்த்துவிட்டு "உவ்வே" என்று நகர்ந்துவிடாதீர்கள் மக்களே. ஐந்து நிமிஷம் கொடுங்கள். இது நகைச்சுவைப் பதிவு இல்லை, கொஞ்சம் சிரிப்பு வந்தாலும்.

காலை எட்டு மணிக்கு டோம்பிவிலியில் ஃபாஸ்ட் லோக்கல் ஏறியவர்களுக்கு நான் சொல்ல வருவது புரியும். எல்லாரும் ஒரு கையைத் தூக்கி மேலே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற பெட்டியில், பக்கத்து ஆளின் முகத்தைவிட அவருடைய அக்குளோடுதான் நமக்கு அதிகப் பழக்கம். அவ்வளவு பக்கத்தில் இருக்கிற சமாச்சாரத்தைப் பற்றி நாம் வாயே திறப்பதில்லை. சுகர், பிரஷர், மூட்டு வலி எல்லாம் கல்யாணப் பந்தியிலேயே பேசுவோம். "அக்குள் அரிக்குது" என்று யாரிடமாவது சொல்லியிருக்கிறீர்களா? நானும் சொல்லவில்லை. அந்த வினையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

2022 மழைக்காலம். மும்பை மழையில் துணி காயாது என்பது இங்கே குடியிருக்கிறவர்களுக்குத் தெரிந்ததுதான். ஹாலில் கொடி கட்டி, ஃபேனைச் சுழலவிட்டு, அரைகுறை ஈரத்தோடு பனியனைப் போட்டுக்கொண்டு ஓட வேண்டியது. ரயிலில் வேர்வை, ஆபீஸில் ஏசி, திரும்ப ரயிலில் வேர்வை. ஜூலை நடுவில் வலது அக்குளில் ஆரம்பித்தது அரிப்பு. மீட்டிங்கில் சொறிய முடியாது. பேனாவால், ஃபைல் முனையால், நாற்காலிக் கைப்பிடியால் எப்படியெல்லாம் சமாளித்தேன் என்று கேட்காதீர்கள்.

ஊரில் இருந்தால் தெருக்கோடி டாக்டரிடம் போயிருப்பேன். தாத்தா காலத்திலிருந்து நம் உடம்பை அறிந்தவர் அவர். இங்கே யார் இருக்கிறார்கள்? அம்மாவுக்குப் போன் போட்டால், "ஏப்பா, வேப்பிலையும் மஞ்சளும் அரைச்சுப் போடு" என்றார். மஞ்சள் கறையோடு வெள்ளைச் சட்டையில் ஆபீஸ் போக முடியுமா? ஸ்டேஷன் பக்கத்து மெடிக்கலுக்குப் போனேன். கூட்டம். மெதுவாக, "குஜ்லி கே லியே குச் தீஜியே" என்றேன். கடைக்காரர் உரத்த குரலில், "குஜ்லி? கஹான்?" என்றார். வரிசையே திரும்பிப் பார்த்தது. நான் கையைக் கொஞ்சம் தூக்கிக் காட்ட, அவர் சீட்டு எதுவும் கேட்காமல் ஒரு சின்ன ட்யூப்பை எடுத்துப் போட்டார். இரண்டு நிமிஷத்தில் வேலை முடிந்தது.

அந்த ட்யூப் அற்புதம் பண்ணியது. இரண்டே நாளில் அரிப்பு போச்சு, சிவப்பு போச்சு. நிறுத்தினேன். பத்து நாளில் திரும்ப வந்தது, முன்னைவிடப் பெரிய வட்டமாக. மறுபடி ட்யூப். மறுபடி நிம்மதி. இப்படியே நான்கு ட்யூப் ஓடியது. இதற்குள் தங்கமணிக்கும் இடுப்பு மடிப்பில் அரிப்பு. "உங்க மருந்தைக் குடுங்க" என்றாள், கொடுத்தேன். பையனுக்குத் தொடை இடுக்கில் அரிப்பு. அப்போது அவனுக்கு 13 வயது, பள்ளி நீச்சல் குழுவில் இருந்தான். "அப்பா, ரொம்ப அரிக்குதுப்பா" என்றான். அவன் கையில் அந்த ட்யூப்பைக் கொடுத்தது நான்தான். இதை எழுதும்போதும் மனசு என்னவோ செய்கிறது.

நவம்பரில் ஒரு நாள் குளிக்கும்போது கவனித்தேன். அக்குள் தோல் வெங்காயச் சருகு மாதிரி மெலிந்து, ஓரத்தில் இளஞ்சிவப்பாகக் கோடு கோடாக விரிந்திருந்தது. பிரசவத்துக்குப் பிறகு வயிற்றில் வருமே, அந்த மாதிரிக் கோடுகள். பையனைக் கூப்பிட்டுப் பார்த்தேன். இரண்டு தொடையிலும் அதே கோடுகள். அன்றைக்கே லீவு போட்டுவிட்டு மூன்று பேரும் தோல் டாக்டரிடம் ஓடினோம்.

அந்த அம்மா எங்களைப் பார்ப்பதற்கு முன்னால் ட்யூப்பைத்தான் கேட்டார். பின்பக்கம் பொடி எழுத்தைப் படித்துக் காட்டினார். ஒரே ட்யூப்பில் பூஞ்சைக்கு ஒரு மருந்து, பாக்டீரியாவுக்கு ஒரு மருந்து, கூடவே குளோபெடாசால். மேலே பூசுகிற ஸ்டீராய்டுகளிலேயே மிக வீரியமான வகையைச் சேர்ந்தது அது. அக்குளும் தொடை இடுக்கும் மடிப்பான, ஈரமான, மெல்லிய தோல். அங்கே பூசினால் மருந்து மற்ற இடங்களைவிட அதிகமாக உள்ளே இறங்கும்.

அவர் விளக்கியதை என் பாஷையில் சொல்கிறேன். எங்களுக்கு வந்தது படர்தாமரை, அதாவது பூஞ்சை. அரிப்பும் சிவப்பும், உடம்பு அந்தப் பூஞ்சையோடு சண்டை போடுவதன் அடையாளம். ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திவிடுகிறது. பூஞ்சை அப்படியே இருக்கிறது. காவல் நாய்க்கு வாய்க்கட்டு போட்டுவிட்டு, சத்தம் இல்லை, திருடன் போய்விட்டான் என்று நாம் போர்த்திப் படுத்துக்கொள்கிறோம். பூஞ்சை நிம்மதியாகப் பரவுகிறது, வட்டத்தின் உருவமே மாறிப்போகிறது, பிறகு பார்க்கிற டாக்டருக்கே குழப்பம் வருகிறது.

இது என் வீட்டுக் கதை மட்டும் இல்லை. கடந்த சில வருஷங்களாக இந்தியா முழுக்கத் தோல் டாக்டர்கள் புலம்புவது இதைத்தான். முன்பெல்லாம் சாதாரண மருந்தில் அடங்கிய படர்தாமரை இப்போது அடங்குவதில்லை. டெர்பினாஃபின் என்ற மருந்துக்குப் பல நேரம் மசியாத ஒரு பூஞ்சை வகைக்கு 2020-ல் 'ட்ரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே' என்று பெயர் வைத்தார்கள். ஆமாம், பெயரிலேயே இந்தியா. 2023-ல் அமெரிக்காவில் முதன்முதலாக நியூயார்க்கில் இரண்டு பேருக்கு இது இருப்பதாக அறிவித்தார்கள். இது இப்படித் தலைதூக்கியதற்கு டாக்டர்கள் சொல்லும் முக்கியக் காரணங்களில் ஒன்று, சீட்டில்லாமல் கிடைக்கிற இந்தக் கூட்டு மருந்து ட்யூப்.

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 2018 மார்ச்சில் மேலே பூசுகிற 14 ஸ்டீராய்டுகளை மத்திய அரசு ஷெட்யூல் ஹெச் பட்டியலில் சேர்த்தது. டாக்டர் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று அர்த்தம். அதே வருஷம் செப்டம்பரில் 328 கூட்டு மருந்துகளுக்குத் தடை போட்டார்கள். அதில் இப்படிப்பட்ட தோல் களிம்புகள் சிலவும் உண்டு. ஆனால் நான் வாங்கியது 2022-ல். என்னிடம் யாரும் சீட்டுக் கேட்கவில்லை. சட்டம் டெல்லியில் இருக்கிறது, ட்யூப் டோம்பிவிலியில் இருக்கிறது.

சரி, பழியைக் கடைக்காரர் மேலும் அரசு மேலும் போட்டுவிட்டு நான் கைகழுவலாமா? என் கருத்து, பாதிப் பழி நம் கூச்சத்துக்கு. கடையில் இரண்டு நிமிஷத்தில் வேலை முடிகிறது, டாக்டரிடம் சட்டையைக் கழற்ற வேண்டும். அதுவும் வேற்று ஊரில், வேற்று மொழியில், "இங்கே அரிக்கிறது" என்று சொல்ல நாக்கு கூசுகிறது. பெண்களுக்கு இன்னும் கஷ்டம். தங்கமணி என்னிடம் சொல்லவே ஒரு மாதம் ஆனது.

இன்னொரு விஷயம். அக்குள் அரிப்பு என்பது ஒரு நோய் இல்லை. பல காரணங்களுக்கு ஒரே அறிகுறி. ஒரே ட்யூப் எல்லாவற்றுக்கும் எப்படி மருந்தாகும்? அன்று டாக்டரிடம் கேட்டதையும் பிறகு படித்ததையும் சுருக்கமாகத் தருகிறேன். நீங்களே வைத்தியம் பார்த்துக்கொள்ள இல்லை, டாக்டரிடம் என்ன சொல்வது என்று தெரிந்துகொள்ள.

வட்டமாக, ஓரம் மட்டும் தடித்து, செதில் உதிர்ந்து, பரவிக்கொண்டே போனால் அநேகமாகப் படர்தாமரை. மடிப்பு புண்ணாகிச் சிவந்து, சுற்றிலும் சின்னச் சின்னப் புள்ளிகள் இருந்தால் கேண்டிடா என்ற வேறு பூஞ்சை. சர்க்கரை நோயாளிகளுக்கும் உடல் பருத்தவர்களுக்கும் இது அதிகம்.

டியோடரண்ட் மாற்றிய பிறகு வந்ததா? அதில் உள்ள வாசனைப் பொருள் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். பூசின இடம் என்பதால் பெரும்பாலும் அக்குளின் நடுப் பள்ளத்தில் வரும். பள்ளம் சுத்தமாக இருந்து ஓரங்களில் மட்டும் அரித்தால், துணிச் சாயத்தைச் சந்தேகப்படுங்கள், துணி உரசுவது ஓரத்தில்தானே. ஷேவிங், முடி நீக்கும் கிரீம், கூடவே கைவைத்தியமாக எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா என்று தேய்ப்பது, இவையும் தோலைப் புண்ணாக்கும்.

ராத்திரியில் அரிப்பு அதிகமா? விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பிலும் அரிக்கிறதா? வீட்டில் மற்றவர்களுக்கும் உண்டா? அப்படியென்றால் சிரங்கு. இது கண்ணுக்குத் தெரியாத ஒரு சிறு பூச்சியால் வருவது. அரிக்காதவர்கள் உட்பட வீட்டில் எல்லாரும் ஒரே நாளில் மருந்து பூசாவிட்டால் சுற்றிச் சுற்றி வரும். பேச்சிலர் பசங்கள் ஐந்தாறு பேர் தங்கும் அறைகளில் இதைக் கவனியுங்கள்.

அக்குள் கறுத்து, வெல்வெட் துணி மாதிரி தடித்தால் அது அழுக்கு இல்லை. பீர்க்கங்காய் நார் வைத்துத் தேய்க்காதீர்கள். உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யாததன் அடையாளமாக இருக்கலாம், சர்க்கரை சோதனை செய்யுங்கள். வயசுக்கு வந்த பெண்பிள்ளைகளை "ஏன் இப்படி கறுப்பா வச்சிருக்க" என்று திட்டி, வெள்ளையாக்கும் கிரீம் வாங்கித் தருகிறார்களே, அதிலும் சில நேரம் இதே ஸ்டீராய்டுதான். வலிக்கிற கட்டிகள் திரும்பத் திரும்ப வந்தாலோ, கரையாத கட்டி தட்டுப்பட்டாலோ களிம்பு எதையும் தேடாமல் நேராக டாக்டர்.

ஸ்டீராய்டே விஷம் என்று நான் சொல்லவில்லை. டியோடரண்ட் அலர்ஜிக்கு டாக்டரே மிதமான ஒன்றைச் சில நாளைக்குத் தருவார். எது, எவ்வளவு, எத்தனை நாள் என்று தீர்மானிக்க ஒருவர் வேண்டும் என்பதுதான் விஷயம். மாதக்கணக்கில் பூசிக்கொண்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு இன்றைக்கே தூக்கிப் போடவும் வேண்டாம், டாக்டரைக் கேட்டு நிறுத்துங்கள். சட்டென்று நிறுத்தினால் எரிச்சல் பொங்கிக்கொண்டு வரலாம்.

எங்களுக்கு மாத்திரை, தனிப் பூஞ்சைக் களிம்பு என்று மூன்று மாதம் ஓடியது. அரிப்பு நின்ற பிறகும் டாக்டர் சொன்ன நாள் வரை நிறுத்தவில்லை. ஆளுக்கொரு துண்டு, ஆளுக்கொரு சோப்பு. துணியை 60 டிகிரி வெந்நீரில் துவைத்தோம். மழைநாளில் பனியனை இஸ்திரி போட்டு ஈரம் போக்கிய பிறகே போட்டுக்கொண்டோம். குளித்தால் அக்குளையும் தொடை இடுக்கையும் ஒற்றித் துடைத்துக் காயவிட்டோம்.

டாக்டர் பீஸ் அதிகமே என்பீர்கள். நியாயமான கேள்வி. நான்கு ட்யூப்புக்கும் பிறகு மூன்று மாத மருந்துக்கும் நான் கொடுத்த காசைக் கூட்டிப் பார்த்தால் முதல் வாரமே டாக்டரிடம் போனது மலிவு. அதுவும் முடியாதவர்களுக்கு அரசு, மாநகராட்சி பெரிய ஆஸ்பத்திரிகளில் தோல் பிரிவு இருக்கிறது. மும்பையில் கே.ஈ.எம், சயன், நாயர் மூன்றிலும் உண்டு. கேஸ் பேப்பர் எடுத்து அரை நாள் வரிசையில் நிற்க வேண்டும், அவ்வளவுதான். ஹிந்தி வராத அம்மா அப்பாவைக் கூட்டிப் போகிறவர்கள் கூடவே உள்ளே போய்ப் பேசுங்கள்.

பூஞ்சை போய்விட்டது. கோடுகள் போகவில்லை. நிறம் மங்கியிருக்கிறது, ஆனால் இருக்கும் என்றார் டாக்டர். என் அக்குளை யார் பார்க்கப் போகிறார்கள்? பையனுக்கு அப்படி இல்லை. நீச்சல் உடையில் தொடை தெரியும். இரண்டு பசங்கள் ஏதோ கேட்டார்களாம், அன்றோடு குழுவிலிருந்து விலகிவிட்டான். "படிப்பு இருக்குப்பா" என்கிறான். படிப்பு இல்லை என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவனுக்கும் தெரியும்.

அதனால் ஒரே ஒரு வேண்டுகோள். எழுந்து போய் உங்கள் வீட்டு மருந்து டப்பாவைத் திறந்து, அரிப்புக்கென்று வைத்திருக்கும் ட்யூப்பின் பின்பக்கத்தைப் படியுங்கள். குளோபெடாசால், பெட்டாமெத்தசோன், பெக்லோமெத்தசோன், மோமெடாசோன், ஃப்ளூசினோலோன் இவற்றில் ஏதாவது பெயர் இருந்து, அதை எழுதிக் கொடுத்த டாக்டர் யாரும் இல்லையென்றால், பிள்ளைகள் கைக்கு அது போக வேண்டாம். அப்புறம் பிள்ளைகளிடம் கேளுங்கள், "எங்கேயாவது அரிக்குதாடா?" என்று. கூச்சப்படாமல் முதலில் நாம் கேட்டால்தான் அவர்கள் சொல்வார்கள்.