பழைய கணினியும் பயன் தரும்

கணினியறிவு இன்றைய மாணவர்க்கு எழுத்தறிவுக்கு நிகரான தேவையாகிவிட்டது. 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து, பாடங்கள் இணையவழி நடந்தபொழுது இதனை நாம் ஐயமற உணர்ந்தோம். தோட்டப்புற வீடுகள் பலவற்றில், தந்தையின் ஒரே கைப்பேசியைப் பிள்ளைகள் அனைவரும் பங்கிட்டுப் படிக்க நேர்ந்தது.

ஆயினும், பழைய மேசைக் கணினிகள் பல மூலையில் தூசி படிந்து கிடக்கின்றன. "மெதுவாக ஓடுகிறது, இனி உதவாது" என்பதே கூறப்படும் காரணம். பால் வெட்டும் கத்தி மழுங்கினால் தீட்டிக்கொள்ளும் நாம், கணினியை மட்டும் ஏன் உடனே கழித்துவிட வேண்டும்?

கணினியின் நினைவகம் நாம் எழுதும் மேசையைப் போன்றது. வன்தட்டு புத்தக அலமாரியைப் போன்றது. மேசை சிறிதாயின், புத்தகங்களை அடிக்கடி அலமாரியில் வைத்தும் எடுத்தும் காலம் கழியும். பழைய வன்தட்டோ, நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும் தட்டில் செய்தியைத் தேடி எடுப்பது. அதனால்தான் தாமதம்.

சுழலும் உறுப்பு எதுவுமில்லாத எஸ்.எஸ்.டி. எனும் சேமிப்பகத்தை அதற்கு ஈடாகப் பொருத்தி, 4 கிகாபைட் நினைவகத்தை 8 ஆக உயர்த்தினால், கட்டுரை எழுதவும் பாடக் காணொளி காணவும் அக்கணினி தாராளமாகப் போதும்.

எனினும், அவசரம் ஆகாது. டி.டி.ஆர். 3 நினைவகம் டி.டி.ஆர். 4க்குரிய இடத்தில் பொருந்தாது. ஆகவே தாய்ப்பலகையின் வகையறிந்த பின்னரே வாங்குக. கோப்புகளை முன்னதாக வேறிடத்தில் படியெடுத்து வைத்திடுக. மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரே பெட்டியைத் திறந்திடுக. மாணவர்கள் பெரியோர் துணையின்றி இதில் இறங்குதல் கூடாது.

விண்டோஸ் 10க்கான பொதுவான இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாளோடு முடிவுற்றது. பழைய கணினிகள் பல விண்டோஸ் 11ஐ ஏற்பதில்லை. அவற்றைச் சீர்செய்து என்ன பயன் என்று சிலர் வினவலாம். கேள்வி நியாயமானதே. ஆனால், கட்டணமின்றிக் கிடைக்கும் லினக்ஸ் இயங்குதளம் அத்தகைய கணினிகளிலும் இயங்கும், தமிழிலும் எழுதலாம். எனினும், செலவு புதிய கணினி விலையில் பாதியை எட்டுமாயின் சீர்செய்தல் வேண்டா என்பதே என் கருத்து.

பெற்றோர்களே! அடுத்த வீட்டுப் பிள்ளை புதியது வைத்திருக்கிறான் என்பதற்காகத் தவணைக் கடனில் சிக்காதீர்கள். வீட்டில் இருப்பதை முதலில் சோதித்துப் பாருங்கள். பட்டணத்தில் பணிபுரியும் முன்னாள் மாணவர்களே! நீங்கள் கழிக்க எண்ணும் கணினியிலுள்ள சொந்தத் தகவல்களை முற்றாக அழித்துவிட்டு, அதனைத் தோட்டத்துப் பிள்ளை ஒருவனுக்கோ ஒருத்திக்கோ அளியுங்கள். பெற்றோர் ஆசிரியர் சங்கம் முன்னின்றால், ஆண்டுக்கு ஐந்து கணினிகளையேனும் சீர்செய்து வழங்குதல் அரிதன்று.

மாணவச் செல்வங்களே! கருவி பழையதாயினும் கற்கும் கல்வி புதியதே. கிடைத்ததைப் பேணிக் காத்து, கற்று உயர்வீர்களாக!