ஏடு எங்கே?

வீராணத்து நீர் 2004 முதல் எஃகுக் குழாயிலே போரூர் வருகிறது. செம்பரம்பாக்கத்திலே நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் நீரைச் சுத்தம் செய்ய வல்ல நிலையம் 2007-இல் எழுந்தது. மெத்த மகிழ்ச்சி! ஆனால், குழாயைக் குழாயோடு பிணைப்பது எது? வெல்டிங்!

ஆள் நுழையுமளவு அகன்ற குழாய் என்றால், வெளியிலும் பற்றவைக்கலாம். உள்ளே தவழ்ந்து, புகையிலே மூச்சுத் திணறியும் பற்றவைக்கலாம். எந்த ராடு, எவ்வளவு மின்னோட்டம், விளிம்புக்கு என்ன சரிவு என்பதையெல்லாம் ஏட்டிலே எழுதி, மாதிரித் தகட்டைப் பற்றவைத்து, அதை வளைத்தும் இழுத்தும் பார்த்த பிறகே பள்ளத்திலே இறங்கவேண்டும் என்பது விதி. அந்த ஏடோ ஆங்கிலத்திலே, அலுவலக அலமாரியிலே!

ஈர ராடு மூட்டைக் கெடுக்கும் என்பது அம்பத்தூர்ப் பட்டறைத் தோழனுக்குத் தெரியாதா? தெரியும். காயவைக்க அடுப்பு கேட்கத்தான் கூலிக்காரனுக்கு வாயில்லை. கசிந்தால் பழி மட்டும் அவன் தலையிலே!

ஏட்டைத் தமிழாக்கி அவன் கையிலே கொடுங்கள். "அடுப்பு எங்கே, காற்றாடி எங்கே?" என்று அவன் கேட்கட்டும், ஒப்பந்தக்காரர் பதில் சொல்லட்டும்.