ஒரே துறை கட்டிய இரு மும்பைகள்

மும்பை ஓவல் மைதானத்தின் மேற்கு வரிசையையும் மெரைன் டிரைவையும் அழகு செய்யும் 1930களின் ஆர்ட் டெகோ அடுக்ககங்களுக்கு, எதிரிலுள்ள விக்டோரிய கோதிக் மாளிகைகளோடு சேர்த்து, 2018இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தகுதி கிடைத்தது. கப்பலின் மேல்தளம் போல் வளைந்த மாடங்கள், மின்தூக்கி, வீட்டுக்குள்ளேயே கழிப்பறை. அழகுதான், அதை மறுப்பது நம் வேலையன்று. அந்த வளைவுகளைப் பூசியதும் தொழிலாளியின் கரண்டிதான். ஆனால் பாராட்டுரைகள் விழுங்கிவிடும் வரலாறு ஒன்று உண்டு.

இக்கட்டடங்கள் நிற்கும் நிலம் கடலைத் தூர்த்து எடுத்தது. 1920இல் ஆளுநர் ஜார்ஜ் லாயிட் காலத்தில் அமைந்த பம்பாய் வளர்ச்சித் துறையே அப்பணியைச் செய்தது. அதில் நடந்த ஊழலைக் கே.எஃப்.நரிமன் அம்பலப்படுத்தினார். (பின்னாளில் தூர்த்த நிலத்தில் எழுந்த வணிக வளாகத்துக்கு அவர் பெயரையே சூட்டியது ஆள்வோரின் நகைச்சுவை!) அதே துறைதான் வொர்லியிலும் நய்காவிலும் ஆலைத் தொழிலாளருக்குச் சால்களைக் கட்டியது. திட்டமிட்டவை 50,000 அறைகள். எழுந்தவை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அறைக்கு 160 சதுர அடி, தளத்துக்குப் பொதுக் கழிப்பறை. அங்கும் கான்கிரீட், இங்கும் கான்கிரீட், வேறுபட்டது வர்க்கம். காலியாகக் கிடந்த வொர்லி சால்களை 1930 சட்டமறுப்பு இயக்கத்தின்போது அரசு தற்காலிகச் சிறையாக்கியது. சிறைக்கு அவை பொருத்தமாகவே இருந்தன.

ஒரு பாதி உலகச் சின்னமாயிற்று, மறுபாதி இடிபடுகிறது. இடிப்பதை நாம் எதிர்க்கவில்லை. தலைமுறைகளாகக் கழிப்பறை வரிசையில் நின்ற குடும்பத்திடம் பழமையைக் காக்கும்படி உபதேசிக்க எவருக்கும் தகுதியில்லை. அவர்கள் பெறும் 500 சதுர அடி வீடு உரிமை, சலுகையன்று. நம் கேள்வி, அதே பொது நிலத்தில் விற்பனைக்கென எழும் கோபுரங்களைப் பற்றியது. ஆலை நிலங்களில் நடந்ததைத் தோழர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மூன்றில் ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்கு என்றது 1991 விதி; 2001 திருத்தத்தில் அப்பங்கு காலி மனைக்கு மட்டும் என்று சுருங்கிற்று. எஞ்சியது சொற்பம்.

ஆகவே, விற்பனைப் பகுதியின் வரவு செலவு முழுவதையும் மகாராஷ்டிர அரசு வெளியிடட்டும். அந்த வருவாய் வீடற்ற ஆலைத் தொழிலாளர் குடும்பங்களின் குடியிருப்புக்கே செலவாகட்டும். கிர்ணி காம்கார் சங்கத்தின் 1928 வேலைநிறுத்தத்தைத் தாங்கி நின்ற கிரண்காவ் தெருக்களுக்கும், ஓவல் மைதானத்துக்குக் கிடைத்த அதே கவனத்தோடு, பாரம்பரியப் பட்டியலில் இடம் ஒதுக்கப்படட்டும்.