எதையும் தாங்காத தூண்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் செட்டிநாட்டு வீடுகள் உறுப்பு உறுப்பாக விலைக்குக் கிடைக்கின்றன. பர்மா தேக்குத் தூண், நிலைக்கதவு, ஜன்னல். இதே செட்டிநாட்டுக் கிராமங்கள்தான் 2014-இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. அங்கிருந்து ஒரு தூணை வாங்கிவந்து காபி ஷாப்பில் நிறுத்திவிட்டு 'மரபைக் காக்கிறோம்' என்று இன்ஸ்டாகிராமில் போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தூண் என்றால் கூரையைத் தாங்கணும். எதையும் தாங்காத தூண் வெறும் ஃபர்னிச்சர்.

விற்க ஒன்றுமே இல்லாத வீடுகளின் கதி இன்னும் மோசம். ஆனையூர் 2011-இல் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்தது, வயலெல்லாம் மனையாகிவிட்டது. எங்கள் தாத்தாவின் சம்சாரி வீடு மட்டும் நடுவில் நிற்கிறது. சிற்பவேலை ஒன்றும் கிடையாது. திண்ணை, நடை, முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், நெல் போடும் அறை, பின்னால் தொழுவம். முன்வாசலும் பின்வாசலும் ஒரே நேர்கோட்டில் இருக்கும். சூடான காற்று முற்றத்து வழியே மேலே போய்விடும். கனத்த சுண்ணாம்புச் சுவர் பகல் வெயிலைச் சட்டென்று உள்ளே விடாது. கட்டிடக்கலை என்று நான் சொல்வது இதைத்தான். இதை எந்தக் கடையில் போய் விற்பது?

இங்கிலாந்தின் பழைய கதிரடிக் கொட்டகைகளிலும் எதிரெதிரே இரண்டு பெரிய வாசல்கள் உண்டு, காற்றில் பதர் பறக்க. இன்று பல இடங்களில் அந்த வாசல்களுக்குக் கண்ணாடி போட்டுவிட்டு உள்ளே குடியிருக்கிறார்கள். பண்ணைக் கட்டிடங்களை வீடாக்குவதற்கான விதிகளை 2014-இல் தளர்த்தவும் செய்தார்கள். வெள்ளைக்காரன் செய்தான் என்பதற்காகச் சொல்லவில்லை. வீட்டைப் பங்குபோட நமக்கா தெரியாது? பாகப்பிரிவினை என்றால் முற்றத்துக்குக் குறுக்கே சுவர் வைப்போம், அவ்வளவுதான். வீட்டுக்கு மூச்சு நிற்பது அங்கேதான்.

முற்றத்தைப் பொதுவில் விட்டுவிட்டு மூன்று குடித்தனமாகப் பிரிக்கலாம் என்று வரைபடம் போட்டுக் காட்டினேன். "ஏண்டா, இடிச்சா எட்டு ஃபிளாட் வரும்டா" என்றார் சித்தப்பா. வங்கிக்காக மதிப்புப் போட வந்தவர் மண்ணுக்குத் தொகை எழுதினார். கட்டிடத்துக்குத் தேய்மானம் கழித்துக் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை என்றார். மரபு ஆணையச் சட்டத்தைச் சட்டமன்றம் 2012-லேயே நிறைவேற்றியாயிற்று. மரபு என்றதும் கோயிலும் அரண்மனையும் நினைவுக்கு வருகிற ஊரில், தொழுவத்தை யார் கணக்கில் எடுப்பார்கள்?

'இடிக்கட்டுமே' என்கிற தோழர் ஒருவர் இருக்கிறார். நெல்லைச் சுமந்து வந்தவர்களைத் திண்ணையைத் தாண்ட விடாத வீடுதானே இது என்கிறார். உண்மை, மறுக்கவில்லை. ஆனால் தோழர், ஆனையூரில் புது ஃபிளாட்டுக்கு வாடகை கேட்டுப் போய்ப் பாருங்கள். முதல் கேள்வி சாதி, அடுத்தது கறி. இடித்துக் கட்டியதால் எது மாறியது? என் வரைபடத்தில் தொழுவம் இரண்டு அறையும் ஒரு சமையலறையும் உள்ள வீடு. வாசல் முற்றத்தைப் பார்த்து. அங்கே குடிவருபவரிடம் அட்வான்ஸ் தவிர வேறெதுவும் கேட்கக்கூடாது என்று பங்குப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லியிருக்கிறேன். சித்தப்பா இன்னும் கையெழுத்துப் போடவில்லை.