டெல்டா கழித்துக்கட்டிய விமானமும் அமெரிக்கப் பயணமும்

மகள் பிரசவத்துக்கென்று நவி மும்பையின் கோபர்கைரனேயிலிருந்து நியூ ஜெர்சிக்குக் கிளம்பும் அம்மாக்களுக்கு டிக்கெட் எடுக்கும் பிள்ளைகள், விலையையும் பெட்டி எடையையும் பார்ப்பார்கள். நடுவில் இறங்கி ஏற வேண்டுமா என்று பார்ப்பார்கள். 2025 ஜூன் 12 அகமதாபாத் விமான விபத்துக்குப் பிறகு, விமானத்துக்கு என்ன வயது என்றும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் வயதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

ஏர் இந்தியாவின் கதையையே பாருங்கள். 2007 முதல் அது போயிங் 777-200எல்ஆர் ரகத்தில் எட்டு விமானங்களைப் புதிதாக வாங்கியது. பதினைந்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் நிற்காமல் பறக்கும் ரகம். கடன் கழுத்தை நெரித்தபோது ஐந்தை அபுதாபியின் எத்திஹாட் நிறுவனத்துக்கு விற்றது. பத்து ஆண்டுக்குள், டாடா கைக்கு வந்த அதே நிறுவனத்துக்கு அமெரிக்காவுக்குப் பறக்க விமானம் போதவில்லை. கொரோனா காலத்தில், 2020இல் அமெரிக்காவின் டெல்டா நிறுவனம் கழித்துக்கட்டிய விமானங்களில் ஐந்தைக் குத்தகைக்கு எடுத்தது. ரகம் அதே 777-200எல்ஆர்!

வேடிக்கை என்னவென்றால், அந்தப் பழைய விமானங்கள் பயணிகளுக்குப் பிடித்திருந்தன. பிசினஸ் வகுப்பில் கதவு வைத்த தடுப்பு, அதற்கு அடுத்தபடியாகப் பிரீமியம் எகானமி. ஏர் இந்தியாவின் சொந்த 777களிலோ ஒளிராத திரை, சாயாத இருக்கை என்று புகார்கள் குவிந்த காலம் அது. கிட்டத்தட்ட ஒரே வயது. பராமரித்த கை வேறு.

மறுபக்கமும் உண்டு. நடுவானில் கேபின் அழுத்தம் போனால் விமானம் பத்தாயிரம் அடிக்கு இறங்கியாக வேண்டும். கீழே உயர்ந்த மலைத்தொடர் இருந்தால் உடனே இறங்க வழியில்லை. அதுவரை முகமூடியில் ஆக்சிஜன் வர வேண்டும். குத்தகை விமானங்களில் அதற்குப் போதுமான ஏற்பாடு இல்லாமலே அமெரிக்காவுக்கு இயக்கினார்கள் என்று ஊழியர் ஒருவர் புகார் கொடுத்தார். 2024 ஜனவரியில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 1.10 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உத்தரவை ஏற்கவில்லை என்றது நிறுவனம். ஒரு தடத்துக்குப் பொருந்திய விமானம் இன்னொரு தடத்துக்குப் பொருந்தாமல் போகலாம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

பணக் கணக்கும் லேசானதல்ல. பழைய விமானத்துக்கு வாடகை குறைவு, எரிபொருள் அதிகம். இரண்டு மணி நேரப் பயணத்தில் அதைச் சமாளித்துவிடலாம். பதினாறு மணி நேரம் பறக்க வேண்டுமானால் எரிபொருளைச் சுமப்பதற்கே எரிபொருள் செலவாகும். வாடகையில் மிச்சம் பிடித்தது அதிலேயே கரையும். 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் வான்வெளி மூடப்பட்டு, டெல்லி விமானங்கள் சுற்றிப் போகத் தொடங்கியபின் இந்தக் கணக்கு இன்னும் இறுகிவிட்டது.

ஆனாலும் பழையதைத் தள்ளிவிட வழியில்லை. 2020இல் வரவேண்டிய போயிங் 777எக்ஸ் 2027க்குத் தள்ளிப்போயிருக்கிறது. எமிரேட்ஸ் போன்ற பணக்கார நிறுவனமே தன் பழைய 777களின் உட்புறத்தைப் பிரித்துப் புதுப்பிக்கிறது. ஏர் இந்தியாவும் தன் பழைய 787களில் அந்த வேலையை எடுத்திருக்கிறது. தாமதமாக என்றாலும் சரியான வேலை.

சாப்பாடு சைவமா அசைவமா என்று கேட்கும் டிக்கெட் பக்கத்தில், விமானம் எந்த ஆண்டு தயாரானது, உட்புறம் கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது என்று இரண்டு வரி சேர்க்கலாம். விமானம் கடைசி நேரத்தில் மாறலாம் என்று சாக்குச் சொல்வார்கள். மாறினால் அதையும் குறுஞ்செய்தியில் சொல்லட்டும். வாயில் எண் மாறினால் சொல்கிறார்களே.