கண்ணாடிக்குள் ஒரு துணை

கல்லடியில் வாவிக்கரையோர வீடொன்றில் பட்ஜிக் கிளி ஒன்று வளர்கிறது.

"மாமா, இது கண்ணாடியைப் பார்த்துப் பார்த்துச் சத்தி எடுக்கிறதே!" என்று கண் கலங்கினாள் அவ்வீட்டுச் சிறுமி.

நோயன்று அது. அவுஸ்திரேலியப் புல்வெளிகளிற் கூட்டமாய்த் திரியும் இனம். 1840இல் ஜோன் கூல்ட் இங்கிலாந்துக்குக் கொண்டு சென்றார். விழுங்கிய தானியத்தை மீட்டெடுத்துத் துணைக்கு ஊட்டுவது ஆண்பறவையின் இயல்பு. தனித்திருக்கும் இக்கிளி, தன் பிம்பத்தையே துணையென எண்ணி ஊட்டுகிறது. கண்ணாடியை அகற்றுவதே நன்று.

கச்சான் காற்று வீசும் நாளில் சிறகை விரித்து, வாய் திறந்து மூச்சு வாங்கினால், கூண்டை நிழலுக்கு மாற்றுங்கள். பகல் முழுவதும் இறகைச் சிலிர்த்தபடி கூண்டின் அடியிற் குந்தியிருந்தாலோ, மிருக வைத்தியரிடம் தாமதியாது செல்லுங்கள்.

"கண்ணாடியை எடுத்துவிட்டால் அது யாருக்கு ஊட்டும்?" என்றாள் சிறுமி.

தந்தையார் இன்னொரு பட்ஜி வாங்கித் தருவதாக வாக்களித்தார்.