மூளைக்காய்ச்சல் போன பிறகும் போகாத தலைவலி

மூளைக்காய்ச்சலிலிருந்து மீண்டவருக்கு மருத்துவமனை கொடுத்தனுப்பும் டிஸ்சார்ஜ் சம்மரியின் கடைசிப் பத்தி பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும்: காய்ச்சல் இல்லை, நினைவு தெளிவாக இருக்கிறது, இன்னின்ன மாத்திரை இத்தனை நாள், ஒரு வாரம் கழித்து ஓ.பி.யில் காட்டவும். வீட்டுக்கு வந்த பிறகு நடப்பது அந்தத் தாளில் இருக்காது. பத்து நிமிடம் செய்தித்தாள் படித்தால் பிடரியில் ஏறும் வலி, கண்ணைக் குத்தும் டியூப்லைட், மண்டைக்குள் அடிக்கும் குக்கர் விசில், நான்கு பேர் சேர்ந்து பேசினால் யார் என்ன சொன்னார்கள் என்பதே பிடிபடாத மந்தம், குளித்துவிட்டு வந்தாலே படுக்கச் சொல்லும் அசதி. இவை வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கின்றன. ‘உயிர் பிழைத்ததே பெரிது’ என்று சுற்றியிருப்பவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. பாக்டீரியாவால் வரும் மூளைக்காய்ச்சலில் ஆறில் ஒருவர் இறந்துபோகிறார், ஐந்தில் ஒருவருக்குக் கடுமையான பின்விளைவு ஏற்படுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். காது கேளாமை, வலிப்பு, கைகால் முடக்கம் போன்ற பின்விளைவுகள் எப்படியும் யார் கண்ணிலாவது படும். யார் கண்ணிலும் படாத இந்தத் தலைவலிக்கும் மந்தத்துக்கும் நம் சிகிச்சை முறையில் இடமே இல்லை. அந்த இடத்தை ஒதுக்க வேண்டும் என்பதே என் வாதம்.

இது வெறும் புலம்பல் இல்லை என்பதற்குச் சான்றுகள் உண்டு. பாக்டீரியா மூளைக்காய்ச்சலுக்குப் பின் ‘நன்றாகக் குணமடைந்தவர்கள்’ என்று மருத்துவ அளவுகோல் வகைப்படுத்திய பெரியவர்களை மட்டும் தேர்ந்தெடுத்து நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2002-ல் சோதித்தார்கள். அவர்களிலும் பலருக்குச் சிந்தனைத் திறன் குறைந்திருந்தது. அதே நாட்டில் 2007-ல் வெளியான இன்னொரு ஆய்வு, 155 பேரை நலமாக இருந்தவர்களுடன் ஒப்பிட்டது; ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குக் குறைபாடு தெரிந்தது, முக்கியமாக வேகத்தில். கேள்விக்கு விடை தெரியும், ஆனால் வர நேரமாகும். வைரஸால் வருவது ‘லேசான வகை’ என்று சொல்லி அனுப்பிவிடுவது இங்கே வழக்கம். பிரிட்டனில் 2018-ல் வெளியான ஆய்வு, வைரஸ் மூளைக்காய்ச்சல் வந்த பெரியவர்களின் வாழ்க்கைத் தரம் ஓராண்டு வரைகூடத் தாழ்ந்தே இருந்ததைக் காட்டியது. தலைவலிகளுக்கான பன்னாட்டு வகைப்பாட்டிலோ, பாக்டீரியா தொற்று தீர்ந்து மூன்று மாதம் கடந்த பின்னும் நீடிக்கும் தலைவலிக்கென்று தனி எண்ணே இருக்கிறது.

இத்தனைக்குப் பிறகும் ஒரு மறுப்பு வரும்: ‘ஸ்கேன் நார்மல், எல்லாம் மனசுதான்.’ ஸ்கேன் காட்டுவது வீக்கம், கட்டி, அடைப்பு, தேங்கிய நீர். சிந்தனையின் வேகத்தை அளக்க அதற்குத் தெரியாது. மூளைத் திசுவுக்கு வலி உணர்வு கிடையாது. வலியை உணரும் நரம்புகள் மூளையைப் போர்த்தியிருக்கும் உறையில் இருக்கின்றன, இந்த நோய் தாக்குவதும் அந்த உறையைத்தான். மனச்சோர்வும் பதற்றமும் இந்த நோய்க்குப் பின் வருவது உண்மை. தூக்கம் கெடும், எரிச்சல் மிகும். அவற்றுக்குச் சிகிச்சை கொடுத்தால் தலைவலியும் குறையக்கூடும். அதற்காகத் தலைவலியே கற்பனை என்று ஆகிவிடாது. நோயாளியிடம் அப்படிச் சொல்லிவிட்டால் அவர் அடுத்த முறை மருத்துவரிடம் போகமாட்டார், மெடிக்கல் ஷாப்புக்குப் போவார்.

சிக்கல் அங்கேதான் முற்றுகிறது. பாரசிட்டமால் போன்ற சாதாரண வலி மாத்திரையை மாதத்தில் 15 நாள் அல்லது அதற்கு மேலும், பல மருந்துகள் கலந்த கூட்டு மாத்திரையை 10 நாள் அல்லது அதற்கு மேலும், மூன்று மாதத்தைத் தாண்டி விழுங்கிவந்தால் அந்த மாத்திரையே தலைவலியை நிரந்தரமாக்கிவிடும். காலையில் எழும்போதே வலி, உடனே ஒரு மாத்திரை, மதியம் இன்னொன்று, மேசை டிராயரில் பாதி காலியான அட்டைகள்: இந்த நிலைக்கு வந்தவருக்கு வேண்டியது மாத்திரையைக் குறைக்கும் திட்டம். நீடிக்கும் வலி ஒற்றைத் தலைவலியின் தன்மையில் இருந்தால் அதைத் தடுக்கத் தனி மருந்துகள் உண்டு. அவற்றை மருத்துவர்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். இன்னொரு பக்கம், ‘முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்களே, அதனால்தான்’ என்ற நம்பிக்கை. அந்தப் பரிசோதனைக்குப் பிறகு சிலருக்குத் தலைவலி வருவது உண்மைதான். உட்கார்ந்தால் கூடும், படுத்தால் குறையும், பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் போய்விடும். பல மாதம் நீளும் வலியை அதன் தலையில் கட்டினால், அடுத்து வரும் நோயாளியின் குடும்பம் உயிர் காக்கும் பரிசோதனைக்கே சம்மதிக்காது.

அசதியையும் மந்தத்தையும் சமாளிப்பதற்கு அளவறிந்து உழைப்பதே வழி. தெம்பாக இருக்கும் நாளில் விட்டுப்போன வேலையையெல்லாம் சேர்த்துச் செய்துவிட்டு அடுத்த இரண்டு நாள் படுத்துக் கிடப்பது பலரும் செய்யும் தவறு. மாதக்கணக்கில் படுத்தே இருப்பதும் உடலின் தெம்பை உறிஞ்சிவிடும். சோர்வு வருவதற்கு முன்பே நிறுத்துவது, வேலையைத் துண்டு துண்டாகப் பிரிப்பது, வாரத்துக்கு வாரம் சிறிது கூட்டுவது, செய்ய வேண்டியதை மனத்தில் வைக்காமல் தாளில் எழுதுவது, தூங்கும் நேரத்தை மாற்றாமல் இருப்பது என எதுவும் புதிதில்லை. ஆனால் டிஸ்சார்ஜ் ஆகும்போது யாரும் சொல்வதில்லை. எப்போது பொறுத்திருக்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். மறுபடி காய்ச்சல், கழுத்து விறைப்பு, ஓயாத வாந்தி, வலிப்பு, பார்வை இரட்டையாகத் தெரிவது, எழுப்ப முடியாத தூக்கம், நாளுக்கு நாள் கூடும் வலி, குனிந்தால் மூக்கிலிருந்து தண்ணீராக ஒழுகுவது ஆகியவற்றில் எது வந்தாலும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதையெல்லாம் முன்கூட்டிச் சொன்னால் நோயாளி பயந்துவிடுவார், இல்லாத வலியும் வந்துவிடும் என்று சில மருத்துவர்கள் தயங்குகிறார்கள். எதுவும் சொல்லாமல் அனுப்பப்பட்டவர் முதல் தலைவலியிலேயே நோய் திரும்பிவிட்டது என்று நடுங்குவதைவிட, ‘இது வரும், பெரும்பாலோருக்கு மெல்லக் குறையும், இப்படி இருந்தால் மட்டும் ஓடி வா’ என்று கேட்டுப் போனவர் நிம்மதியாகவே இருப்பார்.

கனமான மறுப்பு, ஆள் பற்றாக்குறை. அரசு மருத்துவமனையில் படுக்கைக்கு வரிசை நிற்கும்போது, பிழைத்தவரின் தலைவலிக்கு நேரம் எங்கே? நேர்மையான கேள்விதான். ஆனால் பின்தொடராமல் விட்டால் செலவு குறைவதில்லை, கூடுகிறது. காதையே எடுத்துக்கொள்வோம். பாக்டீரியா மூளைக்காய்ச்சலுக்குப் பின் உட்காதின் நத்தைச்சுருள் சில வாரங்களிலேயே எலும்பாக இறுகத் தொடங்கலாம். இறுகிவிட்டால் காக்ளியர் இம்ப்ளான்ட் பொருத்துவது கடினம். அதனால்தான் பிரிட்டனின் 2024 வழிகாட்டுதல், நோயாளி சோதனைக்குத் தேறிய நான்கு வாரத்துக்குள் செவித்திறனை அளக்கச் சொல்கிறது. ‘கவனிக்கவே மாட்டேங்கிறான், மூளை மந்தமாயிடுச்சு’ என்று வீட்டில் திட்டு வாங்கும் பையனுக்கு உண்மையில் ஒரு காது கேட்காமல் இருக்கலாம். வீட்டுக்கே போய் மாத்திரையும் பிசியோதெரபியும் கொடுக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021-லிருந்து தமிழ்நாட்டில் நடக்கிறது. மூளைக்காய்ச்சலிலிருந்து மீண்டவரை ஆறாவது வாரம் ஒரு முறை பார்க்கச் சொல்வதற்குப் புதுத் துறை தேவையில்லை, பட்டியலில் ஒரு வரி கூடினால் போதும்.

மருத்துவமனைக்கு வெளியே மாற வேண்டியது ஃபிட்னஸ் சர்டிபிகேட். வேலைக்குத் தகுதி, அல்லது தகுதியில்லை. இங்கே இரண்டில் ஒன்றுதான் எழுதப்படுகிறது. இ.எஸ்.ஐ. உள்ள தொழிலாளிக்கு ஆண்டுக்கு 91 நாள் வரை 70 விழுக்காடு ஊதியத்துடன் நோய்க்கால உதவி கிடைக்கிறது. மறுநாள் முழு ஷிஃப்ட். இடையில் படி எதுவும் இல்லை. பிரிட்டன் 2010-ல் தன் மருத்துவச் சான்றிதழை மாற்றி, ‘சில ஏற்பாடுகளுடன் வேலை செய்யலாம்’ என்ற மூன்றாவது வழியைச் சேர்த்தது. குறைந்த மணி நேரம், படிப்படியாகத் திரும்புவது, பணியை மாற்றிக் கொடுப்பது போன்றவற்றை மருத்துவர் அதில் குறிக்கலாம். இந்த மூன்றாவது வழி இங்கே வந்தால் தொழிலாளர்கள் ஏமாற்றுவார்கள் என்று முதலாளிகள் சொல்லக்கூடும். ஏமாற்ற நினைப்பவருக்கு இன்றைய முழு விடுப்பே வசதி. அரை நாள் வேலைக்கு வருகிறேன் என்று யாரும் பொய் சொல்ல வேண்டியதில்லை. மாறாக, தகுதி என்று எழுதி வாங்கி முதல் நாளே எட்டு மணி நேரம் கேஷ் கவுன்டரில் உட்காரும் ஊழியரும், அறுபது பிள்ளைகளின் கூச்சலில் நிற்கும் ஆசிரியையும், இரவு லாரி ஓட்டும் டிரைவரும் இரண்டே வாரத்தில் மறுபடி விடுப்பு கேட்டு வந்தால், அல்லது வேலையையே விட்டுவிட்டால், அந்த நஷ்டம் முதலாளிக்கும் சேர்த்துத்தான்.